எங்க நாயில்லீங்க

செத்துக் கிடந்த அப்பன் ஐயாவுவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் மூக்காயி. வாசலில் தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள், தொழிலாளர் லயத்துப் பாதையில் முஹ்ஸின் காக்கா ஏறி வருவதைக் கண்டாள். வரக்காப்பொலயிலிருந்து மாதம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு வருகிற முஸ்லிம் வியாபாரி. இன்று கூடையைக் காணோம். மேலே பட்டுவிடாமல் நீளக் கயிறொன்றைத் தள்ளிப் பிடித்திருந்தார். மறுமுனையில் அவர்கள் வீட்டு நாய் செவலை.

வாசலில் உட்கார்ந்திருந்த கங்காணி பக்கம் அவள் பார்வை ஓடியது.

தம்பி காத்தான், துரை தரும் விடுதலைச் சீட்டான துண்டு வாங்காமல் தோட்டத்தை விட்டு ஓடி மூன்று மாதமாகிறது. அன்றைக்கே நாயையும் காணவில்லை. அவன் மேல் வாரண்டு இருக்கிறது, பிடித்தால் ஜெயில். "செவலை அவன்கூட இருக்குல்ல, அது போதும்" என்று சொல்லிச் சொல்லியே அப்பன் இருமிக்கொண்டு கிடந்தார். பாவி மனுசன், ஒரு நாள் பொறுத்திருந்தால் நாயையாவது பார்த்திருப்பார்.

"புள்ள, உங்கட நாய் தானே? எங்கட ஊருச் சந்தையில அலஞ்சிட்டு நிண்டிச்சி. ஐயாவு தேடுவாரேன்னு..." வாங்குப் பலகையில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்ததும் காக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

சின்னத்தம்பிக் கங்காணி எழுந்து வந்தார். "ஐயாவு நாயா? அப்ப மகனும் வரக்காப்பொலயிலதான் இருக்கான்னு சொல்லு."

"எங்க நாயில்லீங்க" என்றாள் மூக்காயி.

"என்ன புள்ள, இது என்ட கருவாட்ட..." என்று ஆரம்பித்த காக்கா, அவள் முகத்தைப் பார்த்தார். "கண்ணு சரியில்ல எனக்கு. வேற நாய்தான்."

செவலைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கயிற்றை உருவிக்கொண்டு வாங்குக்கடியில் புகுந்து, அப்பனின் காலுக்கு நேர் கீழே சுருண்டு படுத்தது. அதன் பழைய இடம்.

"வேத்து நாய்க்கு அந்த எடம் எப்புடித் தெரியும்?"

"தப்புச் சத்தத்துக்குப் பயந்து ஒதுங்குதுங்க."

கங்காணி சிரித்தார். "சரி. ஊரு நாய் தோட்டத்துக்குள்ள வந்தா சுடணும்னு தொரை உத்தரவு. தெரியுமில்ல?"

"நான் கொண்டு போய் உட்டுர்றன்" என்றார் காக்கா.

"நீ சும்மா இரு காக்கா. மூக்காயி சொல்லட்டும். யாரு நாயி?"

ஆம் என்றால் தம்பி போனான். இல்லை என்றால் இந்த வாயில்லா ஜீவன் போச்சு. நாசமாய்ப் போகிறவன், பிணத்தை வைத்துக்கொண்டா இந்தக் கேள்வி கேட்பான்?

"சுடுங்க. எங்க நாயில்ல."

கங்காணியின் பின்னால் துப்பாக்கியோடு நின்ற தோட்டக் காவற்காரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான், நாய் நகரவில்லை.

"நீயே எடுத்துக் குடு" என்றார் கங்காணி.

அவள் குனிந்தாள். செவலை அவள் கையை நக்கியது. வாலால் தரையை அடித்தது. "சீ, வா வெளிய" என்றாள். உடனே எழுந்து அவள் பின்னாலேயே வந்தது. கயிற்றைக் காவற்காரனிடம் நீட்டினாள். முஹ்ஸின் காக்கா வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பாடையைத் தூக்கியபோது ரப்பர் மலைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. தப்பு ஒரு கணம் தடுமாறியது. கங்காணி திரும்பி அவளைத்தான் பார்த்தார்.

சாவு வீட்டில் அழுவதற்கு யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. "ஐயோ, என்னப் பெத்த அப்பா!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள்.

ஆண்கள் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். வாங்குக்கடியில் மட்டும் மூக்காயி தண்ணீர் ஊற்ற விடவில்லை.