கழுவாத தூக்குப்போசி

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அருங்காட்சியகக்காரப் பெண் மதுமதி திருச்செங்கோட்டுப் பக்கத்து அந்த ஊருக்கு முதல் தடவை வந்தபோது, ஜோதி அவளை வாசலோடு அனுப்பிவிடத்தான் பார்த்தாள். கொரோனாக் காலத்துப் பொருள்களைச் சேர்த்து, நூறு வருஷம் கழித்து வருகிறவர்களுக்காக வைக்கப் போகிறார்களாம். செத்தபோது எட்டிப் பார்க்க நாதியில்லை, நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு என்ன அக்கறை வந்துவிடப் போகிறது என்று ஜோதிக்கு எரிச்சலாக இருந்தது.

"அவர் பேரை எழுதி வைப்போம்க்கா" என்றாள் மதுமதி. அந்த ஒரு சொல்லில் ஜோதி விழுந்துவிட்டாள்.

அவள் புருஷன் வளவன் ரிக் லாரி டிரைவர். போர்வெல் போடச் சத்தீஸ்கர் போனவன் இரண்டாம் அலையில் அங்கேயே போய்ச் சேர்ந்தான். முகம் பார்க்கவில்லை, கொள்ளி வைக்கவில்லை. லாரியில் கூடப் போன உள்ளூர்க்காரன் சின்னண்ணன்தான் வளவன் சோறு கொண்டுபோன தூக்குப்போசியிலேயே சாம்பலைப் போட்டு, துண்டில் கட்டிக் கொண்டுவந்து சேர்த்தான். சாம்பலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது; ஆற்றுக்குப் போகவோ போலீஸ் விடவில்லை. கட்டு வாசல் வேம்பிலேயே தொங்கியது. கோடை மழை மூடியிடுக்கில் இறங்கி, அடியில் சாம்பல் இறுகிவிட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் பள்ளிபாளையத்தில் காவிரியில் கரைத்தார்கள். போசியையும் ஆற்றோடு விட்டுவிட வேண்டும், அதுதான் முறை. அடியில் ஒட்டியிருந்தவனை விட்டுவர ஜோதிக்கு மனம் வரவில்லை. பையில் ஒளித்து எடுத்துவந்து, மாட்டுக் கொட்டகைப் பரணில் சாக்குக்குள் போட்டுவைத்தாள். மாமியார் ராமாயிக்குக்கூடத் தெரியாது.

மகன் பேச்சை எடுத்தாலே ராமாயி எழுந்து போய்விடுவாள். மகள் கனிஷ்காவுக்கு அப்பா முகமே நினைவில்லை. வளவன் என்று ஒருத்தன் இருந்தான் என்பதற்கு அந்தச் சாம்பலை விட்டால் ஜோதிக்கு வேறு பிடிப்பில்லை. அந்தப் போசியையே கொடுப்பதென்று முடிவு செய்து, மதுமதியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். "கழுவாதீங்க, துடைக்கவும் வேணாம், இருக்கிறபடியே குடுங்க" என்று மதுமதி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொடுக்கிற நாள் காலையில் ஜோதி போசியை இறக்கி வாசலோரம் வைத்துவிட்டு, கனிஷ்காவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடப் போனாள். மியூசியத்துக்கு ஒரு போசி கொடுக்கிறோம் என்று மட்டும் மாமியாரிடம் சொல்லியிருந்தாள். அதுதான் வினையாகிப் போனது.

திரும்பி வந்தபோது போசி வெயிலில் கவிழ்ந்து கிடந்தது, பளபளவென்று.

"அடியில என்னமோ காரையாட்டப் புடிச்சுக் கெடந்துச்சு" என்றாள் ராமாயி. "அடுத்தவங்களுக்குக் குடுக்கற பாத்தரத்த அப்படியா குடுக்கறது? நம்ம ஊட்டத்தான பேசுவாங்க. அடுப்புச் சாம்பலப் போட்டு நாரால தேச்சேன் சாமி. லேசுல உடுவனாங்குது."

ஜோதிக்கு அழக்கூட வரவில்லை. கழுவிய தண்ணீர் முருங்கை வரைக்கும் ஓடி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பெற்றவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லவே கூடாது என்று முடிவு கட்டினாள்.

"நல்லா வெளக்கியிருக்கறீங்க அத்தை" என்றாள்.

மதுமதியின் கார் வந்தது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு போசியை எடுத்துப் பார்த்தாள். "அக்கா, அண்ணனோட சாம்பல் அடியில ஒட்டியிருக்குன்னு சொன்னீங்களே?" ஜோதி கண்ணைக் காட்டுவதற்குள் கேட்டுவிட்டாள்.

ராமாயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஈரம் காயாத இரண்டு கைகளையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தாள். நக இடுக்கெல்லாம் சாம்பல்.

"சாமி, நீ படிச்ச புள்ள" என்று மதுமதியைப் பார்த்தாள். "இதுல அடுப்புச் சாம்பல் எது, எம் பையன் எது?"

வளவன் பேர் எழுதிய அட்டை மதுமதி கையிலேயே இருந்தது.

அன்றைக்கு ராமாயி சாப்பிடவில்லை. சாப்பிட வேண்டுமானால் கையைக் கழுவ வேண்டுமே.