குளிர்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி

மகப்பேறு விடுப்பு முடிந்து இரத்த வங்கிக்குத் திரும்பிய மூன்றாம் நாளே தப்பு செய்தேன். பையின் லேபிளில், இரத்தம் எடுத்த தேதிக்குப் பதிலாக என் மகள் பிறந்த தேதியை எழுதிவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தப்பு. பை வெளியே போகுமுன் பக்கத்து மேஜைக்காரி பார்த்துவிட்டாள்.

"அக்கா, இந்த ரத்தத்துக்கு அஞ்சு மாசமாம். குப்புற விழுந்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். சீஃப் சிரிக்கவில்லை. பையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் என் மேஜையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் கண்ணாடிக் குழாய் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்.

"கொஞ்ச நாளைக்கும்மா. உன் நல்லதுக்குத்தான்."

வீட்டில் கணவர் செல்போனை நீட்டினார். "பிள்ளை பெத்தா மூளை கொஞ்சம் சுருங்குமாம். ஸ்கேன் எடுத்தே பாத்திருக்காங்க."

"எதுக்குச் சுருங்குதாம்?"

"அதுக்குக் கீழ நான் படிக்கல."

நான் படித்தேன். வேண்டாததைக் கழித்துவிட்டு, குழந்தையைக் கவனிக்க மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று நினைக்கிறார்களாம். எது வேண்டாதது என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த மேஜை வேண்டும்.

மூன்றாவது வாரம். குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்தினேன். கூடத்தின் மறுகோடியில், இரத்தம் வைக்கும் குளிர்பெட்டியின் சத்தம் மாறியிருந்தது. சளி பிடிக்கும் முன் மகள் மூச்சு விடுவது போல.

"ஃப்ரிட்ஜ் சரியில்ல."

"அலாரம் அடிக்கலையே அக்கா. வெளிய நாலு டிகிரின்னுதான காட்டுது? பாப்பா ஞாபகத்துல இருக்கீங்க."

தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்தேன். ஆறைத் தொட்டது. அதைத் தாண்டினால் அத்தனை பைகளும் குப்பை. அலாரத்தின் உணர்கருவி எப்போதோ செத்து, நாலிலேயே நின்றிருந்தது. அறுபத்திரண்டு பைகளை அடுத்த பெட்டிக்கு மாற்றினோம்.

"பெத்தவ காதும்மா அது," என்றார் சீஃப். "எந்த மெஷினுக்கும் வராது."

"என் மேஜை, சார்?"

"அதை அவ பாத்துக்கட்டும். புது அலாரம் வர்ற வரைக்கும் நீ ஃப்ரிட்ஜ் பக்கத்துல உட்காரு."

நாற்காலி அன்றே வந்தது. என் மகள் இப்போது ஓடுகிறாள். அலாரம் இன்னும் வரவில்லை. நான்தான் இருக்கிறேனே. பகலில் நான், இரவில் காவல்காரர். அவருக்குக் காது மந்தம்.

மேஜைக்காரிக்கு இது ஏழாம் மாதம். நேற்று சீஃப் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ராத்திரிக்கும் ஆள் கிடைச்சாச்சு."