நாலு எகிப்து

நாலாவது கடையிலிருந்து போன் வந்தபோது மயில்வாகனத்தின் கால்கள் தறிக்குழிக்குள் இருந்தன. எழுந்திருக்க முடியாமல் எட்டிப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். காந்தி ரோட்டுக் கடைக்காரர் ஒருவரின் குரல், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாதிக்குக் கேட்கிற சத்தத்தில், அரக்கு உடம்பும் மயில்கழுத்துக் கரையும் வைத்த முகூர்த்தப் புடவை ஒன்று வைகாசிக்குள் கிடைக்குமா என்று விசாரித்தது. கிடைக்கும் என்று சொல்லி வைத்துவிட்டு, எதிரே மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

"பாத்தியாமா, நாலு கடை. அல்லாரும் அரக்குதான் கேக்குறாங்க. இந்த வருசம் அரக்கு ஓடப்போவுதுன்னு நான் சொல்லிக்கினே இருந்தேன்ல. துரைக்கண்ணுகிட்ட நாலு பொடவைக்கு சாயம் போடச் சொல்லிடறேன்."

போன வாரம் அவர் பச்சைதான் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்யப்ரியா அதை நினைவூட்டவில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அவளும் அந்த நேரத்தில் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். சென்னையில் உள்ள தானிய ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்காக, வரும் மாதங்களில் வெளிநாடுகள் இந்தியக் கோதுமையை எவ்வளவு வாங்கும் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. கோதுமைச் செடியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாத தெரு அது. அங்கே கோதுமை என்றால் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு ராத்திரி போடும் சப்பாத்தி. யாராவது மகளைப் பற்றிக் கேட்டால் மயில்வாகனம், "எம்பொண்ணு கோதுமைக்கு ஜோசியம் பாக்குது" என்பார். அவரே ராத்திரி சப்பாத்தி சாப்பிடுகிறவர் என்பதால் அதில் கொஞ்சம் மரியாதையும் இருக்கும்.

அந்த வருஷம் கருங்கடல் பக்கம் போர் மூண்டு, அங்கிருந்து புறப்படும் கோதுமைக் கப்பல்கள் நின்றுபோயிருந்தன. வாங்குகிற நாடுகள் எல்லாம் இந்தியாவின் பக்கம் திரும்பின. வடக்கேயோ பங்குனியிலேயே வெயில் கொளுத்தியதில் கதிரில் மணிகள் சூம்பிக்கொண்டிருந்தன. சத்யப்ரியா ஏற்றுமதி வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டு, யாரிடம் எந்த நாடு எவ்வளவு கேட்டிருக்கிறது என்று விசாரித்துக் கூட்டியிருந்தாள். வந்த எண் அவளையே மிரள வைத்தது. அவளுடைய மேலதிகாரி கிரேஸுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நிறுவனத்தின் தலைவர் ஆனந்தராஜிடம் அந்த எண்ணை அப்போதே சொல்லிவிட்டார். அறிக்கை அன்று சாயங்காலம் போக வேண்டும். அதை நம்பித்தான் பரசுராமன் என்ற ஏற்றுமதியாளர் வரிசையாகக் கப்பல் பிடிக்கக் காத்திருந்தார்.

சத்யப்ரியாவின் பெயரில் வெளிவரப்போகும் முதல் அறிக்கை அது. பெயரைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. ஊரடங்கில் வீட்டுக்குப் போனவர்களை நிறுவனம் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. கிரேஸ் வாதாடியதால், இந்த அறிக்கை நன்றாக அமைந்தால் சத்யப்ரியா காஞ்சிபுரத்திலேயே இருந்து வேலை பார்க்கலாம் என்று ஆனந்தராஜ் ஒப்புக்கொண்டிருந்தார். உடம்பும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இன்னொரு ஆள் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க. அம்மா கமலாட்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த ஆள் சத்யப்ரியாதான். காலையில் தறி, பிறகு கோதுமை. இதை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அப்பாவோடு வாயடித்துக்கொண்டே நாடா தள்ளுகிற அந்தக் காலை நேரம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சென்னை ஹாஸ்டல் அறைக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாளும் பின்னால் அவருடைய மகளும் உள்ளே வந்தார்கள். ஐயம்பேட்டையிலிருந்து வருவதாகவும் பெயர் தேவகி என்றும் அந்த அம்மாள் சொன்னார். மகள் பொன்னிக்கு வைகாசியில் கல்யாணம். கமலாட்சி கறுப்புக் கண்ணாடியோடு வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"பொண்ணு ஒரே புடியா நிக்குதுங்க" என்றார் தேவகி. "அரக்கு, மயில்கழுத்து பார்டர். வேற எதக் காட்டினாலும் வாணாங்குது."

மயில்வாகனம் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "இப்ப அல்லாரும் அதான் கேக்குறாங்கமா. காலையிலேர்ந்து நாலு கடை."

"எந்தக் கடைங்க?"

அவர் பெருமையாக ஒவ்வொரு கடையாகச் சொன்னார். தேவகி வாயைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். பொன்னி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது நாங்கதான்பா" என்றார் தேவகி. "பட்டு வெல ஏறிக்கினே போவுது, இப்ப வுட்டா கெடைக்காதுன்னு அல்லாரும் பயமுறுத்துறாங்க. அதான் நாலு கடையிலயும் சொல்லி வச்சோம், எவரு முன்ன கொண்டாறாரோ அவருகிட்ட எடுத்துக்கலாம்னு. மனசு கேக்கல, நெய்யறவரு வீட்டுக்கே வந்துட்டோம்."

மயில்வாகனத்தின் முகம் போன போக்கைப் பார்த்துக் கமலாட்சி சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. அவர் அவசர அவசரமாகப் போனைத் தேடி எடுத்தார். "துரைக்கண்ணு, பட்ட சாயத்துல முக்கிட்டியா? இன்னும் இல்லையா? நல்லதாப் போச்சுபா. ஒண்ணு போதும். ஒரே ஒரு பொடவைக்குப் போடு."

சத்யப்ரியாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. திரையில் இருந்த தன் கணக்கைத் திரும்பிப் பார்த்தாள். எகிப்து கேட்கிறது என்று ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். எகிப்து கேட்கிறது என்று இன்னொருவரும் சொல்லியிருந்தார், அப்புறம் இன்னும் இருவர். அவள் நான்கையும் கூட்டியிருந்தாள். வங்கதேசமும் இந்தோனேசியாவும் அப்படியேதான் கிடந்தன. சரக்கு கிடைக்காது என்ற பயத்தில், வாங்குகிறவர்கள் கண்ட கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு ஓர் ஆள் என்று அவள் எண்ணியிருக்கிறாள்.

சாப்பிடாமல் வியாபாரிகளை மறுபடி கூப்பிட்டாள். எந்த மாதம், எந்தத் துறைமுகம், எந்த ரகம் என்று கேட்கக் கேட்க, ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதன் மேல் போய்ப் பொருந்தியது. கடைசியில் கிரேஸைக் கூப்பிட்டாள்.

"மேடம், என் நம்பர் தப்பு. பாதிக்கும் கீழ போவுது."

"சத்யா, சார்கிட்ட சொல்லியாச்சு. மத்த கம்பெனிங்க எல்லாம் நம்மளவிடப் பெரிய நம்பர் சொல்லியிருக்காங்க."

"அவங்களும் என்ன மாதிரியே கூட்டியிருப்பாங்க மேடம். நாலு பேரு எகிப்துன்னாங்க, நாலையும் சேத்துட்டேன். நாலு எகிப்தா இருக்குது?"

அந்தப் பக்கம் சிரிப்பு ஒன்று வரப் பார்த்து அடங்கியது. "இப்ப மாத்தினா உன்ன சென்னைக்கு வரச் சொல்லிடுவாரு. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"சரி, திருத்தி அனுப்பு. உன் பேருக்குக் கீழ என் பேரையும் போடு. திட்டு வாங்கினா ரெண்டு பேருமா வாங்கிக்கலாம்."

போனை வைத்தபின் சத்யப்ரியா அழுதாள். தப்பு என்று சொன்னவுடன் திட்டாமல், தன் பெயரையும் பக்கத்தில் வைத்த ஒருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நினைத்து அழுதாள். அம்மா வந்து என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லமா, எகிப்து" என்றாள்.

திட்டு வரத்தான் செய்தது. ஆனந்தராஜ் கெட்டவர் இல்லை. எண்களை நம்புகிறவர், அதிலும் பெரிய எண்களை. காஞ்சிபுரத்தில் சிக்னல் சரியில்லையா, மற்றவர்களுக்குக் கேட்பது உங்களுக்குக் கேட்கவில்லையே என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார். வைகாசி முடிந்ததும் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றார். சத்யப்ரியா வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பொன்னியின் புடவைக்கு மயில்கழுத்து நாடாவைத் தள்ளினாள். அரக்கு வளர வளர, இது முடிந்தால் நமக்கும் முடிந்தது என்று இருக்கும். ஆனாலும் கை மெதுவாகப் போகவில்லை. கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

கருட சேவைக்காக ஊரே கூடியிருந்த வாரத்தில், அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது என்ற செய்தி வந்தது. பெரிய எண்களை நம்பியவர்களின் சரக்கு துறைமுகத்து வாசலில் லாரி லாரியாக நின்றது. பரசுராமன் நேராக அவளுக்கே போன் செய்தார்.

"உங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஒரு கப்பலோட நிறுத்திக்கிட்டேன்மா. அதுவும் போன வாரமே கெளம்பிடுச்சு. எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சுது?"

"இது எனக்குத் தெரியாது சார். ஒரே ஆள நாலு தடவ எண்ணியிருந்தேன், அத மட்டும் திருத்தினேன்."

"தெரியாமப் பண்ணதுக்கும் நன்றி சொல்லலாம்ல?" என்றார் அவர்.

அன்று மாலை ஆனந்தராஜிடமிருந்து ஒரு வரி வந்தது: நீங்கள் அங்கேயே இருக்கலாம். மயில்வாகனம் தெரு முழுக்கச் சொல்லி வந்தார், தன் பெண் தடையையே ஜோசியத்தில் பார்த்துவிட்டதாக. சத்யப்ரியா மறுத்து மறுத்துக் களைத்துப்போனாள். தடை வந்துவிட்டதால் அவள் எண் சரியா தப்பா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. விலை ஏறும் என்று தானியத்தை வீட்டில் வைத்திருந்த வடக்கத்தி விவசாயிகளை நினைத்தால் முழுசாகச் சந்தோஷப்படவும் முடியவில்லை. ஆனாலும் மறுநாள் காலை தறிமேட்டில் உட்கார்ந்தபோது, நன்றி நன்றி என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கிரேஸுக்குச் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒருத்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த அன்று பொன்னி அம்மாவோடு வந்தாள். தேவகி தட்டில் பூவும் பழமும் வைத்துக் கமலாட்சியிடம் கொடுத்தார். பொன்னி புடவையைத் தோளில் போட்டு, அரக்கும் மயில்கழுத்தும் சேருகிற இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் பொன்னி" என்றாள் சத்யப்ரியா.

"நாங்கதானேக்கா சொல்லணும்?"

எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வதென்று சத்யப்ரியா யோசிப்பதற்குள் போன் அடித்தது. மயில்வாகனம் பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டார். காந்தி ரோட்டிலிருந்து ஆனி முகூர்த்தத்துக்கு மாம்பழ மஞ்சள் கேட்டார்கள். காலையில் இன்னொரு கடையும் மாம்பழ மஞ்சள்தான் கேட்டிருந்தது. கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர், மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மஞ்சள் இருக்கட்டும்பா. பொண்ணு பேரு இன்னா? எந்த ஊரு?"

புடவைக்கும் கல்யாணப் பெண்ணின் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பக்கம் கடைக்காரர் கேட்டார். கோதுமைக் கதை தெரியாமலே எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டு, வெயில் விழுந்த வாசற்படியில் பொன்னி நின்றாள், தோளில் ஒரே ஒரு அரக்குப் புடவையோடு.