இரண்டு தலை அம்பு

1

இந்தக் கதை ஒரு அம்புக்குறியிலிருந்து வந்தது. நாற்பத்தாறு வயதில் எழுதிய இயற்பியல் தேர்வில் நானே போட்ட அம்புக்குறி. எனக்கு எழுத்து வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: ‘எங்கள் கிசுமு நகரத்து ஏரியின்மேல் கதிரவன் பொன்னிறமாக...’

(அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் மூன்றாம் மாடிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தேன். ஏரியைப் பார்த்தவர் மேஸ்திரி.)

2

முழங்கால் போய்விட்டது. “பள்ளிச் சான்றிதழ் கொண்டா ஒகேலோ, கிடங்குச் சாவி உனக்கு, உக்காந்த இடத்து வேலை” என்றார் மேஸ்திரி. எல்லாப் பாடமும் தேறிவிட்டேன், இயற்பியல் தவிர.

மாலை வகுப்பு ஆசிரியை நெகேசா ஒரு கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜனை ஒளிரவைத்தாள். ஒளியைப் பிரிக்கும் ஒரு கண்ணாடிச் சில்லு வழியாகப் பார்த்தால் தனித்தனி நிறக் கோடுகள்.

“எலக்ட்ரான் மூணாம் படியிலேருந்து ரெண்டாம் படிக்கு விழுந்தா சிவப்பு, அறுநூத்தி அம்பத்தாறு நானோமீட்டர். நாலுலேருந்து ரெண்டுக்குன்னா நீலப்பச்சை, நானூத்தி எண்பத்தாறு. பெரிய விழுகைக்கு அலைநீளம் சின்னது. புரியுதா பெரியவரே?”

“ஏறும்போதுதானே டீச்சர் உயிர் போவுது? வெளிச்சமும் அப்பத்தானே வரணும்?”

“ஏறும்போது வாங்கிக்கும். இறங்கும்போதுதான் குடுக்கும்.”

“இறங்கும்போது நாங்க வெறுங்கையோட இல்ல வருவோம்!”

வகுப்பே சிரித்தது.

(குறிப்பு: நெகேசா அழகாகச் சிரித்தாள் என்று எழுதியிருந்தேன். என் மனைவி அவினோ படித்துவிட்டாள். இப்போது வகுப்பு மட்டும்தான் சிரிக்கிறது.)

3

தேர்வில் கேள்வி: சிவப்புக் கோட்டுக்கான தாவலை அம்புக்குறியால் காட்டுக. என் கை இரண்டிலிருந்து மூன்றுக்கு, மேல்நோக்கிப் போட்டுவிட்டது. இருபத்தைந்து வருஷம் சுமந்த கை, வேறு திசை அதற்குத் தெரியாது.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு ஞாபகம். ஒருமுறை மூன்றாம் மாடியிலிருந்து கல்லைத் தவறவிட்டேன். ஆயிரம் கல் ஏற்றியது எவனுக்கும் தெரியாது; விழுந்த ஒன்றை ஊரே பார்த்தது.

நெகேசா சொன்னது அப்போதுதான் புரிந்தது. கீழ்முனையிலும் ஒரு தலை போட்டேன். மேல்தலையை அடிக்க... தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

அவினோவிடம் வரைந்து காட்டினேன்.

“விவியன் அப்பா, உகாலிக் களி கிண்டுற துடுப்புக்கே ஒரு பக்கம்தான் பிடி. இது என்ன கூத்து?”

4

முடிவு ஒன்று: தேறினேன், சாவி இடுப்பில்.

முடிவு இரண்டு: ...வேண்டாம், முழங்கால் வலிக்கிறது.

ஒரே ஒரு மதிப்பெண்ணில் தொங்குகிறேன் என்கிறாள் நெகேசா. திருத்துபவர் நீங்கள் என்று வையுங்கள். பேனா உங்கள் கையில். எந்தத் தலையை அடிப்பீர்கள்? நிதானமாக யோசியுங்கள். நான் மூன்றாம் மாடியில்தான் நிற்கிறேன். இறங்கி வர நேரமாகும்.