ஊர் முன்கூட்டியே அழுதுவிட்டது

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. "பதினாறு வருடம் உங்களுக்காக முட்டியைத் தேய்த்தவரை, முப்பத்தேழு வயதில், வேறு ஊர் அணிக்கு மாற்றிக்கொடுக்கப் போகிறீர்களாமே, உண்மையா?" என்று எங்கள் அமெரிக்க ஊரான பஃபலோவின் மில்லர்ஸ் கூடைப்பந்து அணி அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நான் கேட்ட அதே வீரர், கார்னெல் ப்ரிட்சட்டின் பெயர் போட்ட சட்டைகளுக்கு இந்த வாரம் முழுவதும் நாற்பது சதவீதத் தள்ளுபடியாம். எந்த அலுவலகமும் எனக்கு இவ்வளவு நேரான பதில் தந்ததில்லை.

கடிதத்துக்கு மரியாதை இல்லை என்று தெரிந்ததும் அதைக் கதையாக்கினேன். கதைக்கு மட்டும் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கல்லூரி இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறவன் நான், பழகிவிட்டது.

2

முதல் வரிகள்:

"பஃபலோவில் பனி பெய்துகொண்டிருந்தது." வேண்டாம். பிப்ரவரியில் இங்கே பனி பெய்வது செய்தியும் இல்லை, இலக்கியமும் இல்லை.

"கார்னெல் ப்ரிட்சட் ஒரு சிங்கம். அந்தச் சிங்கத்துக்கு வயதாகி—" மன்னியுங்கள். வயதானது இரண்டு முட்டிக்கும் ஒரு கணுக்காலுக்கும்தான்.

"ஈடு: இரண்டு இளைஞர்கள், மேலும் ஆறு வருடம் கழித்து வரப்போகும் ஒருவன்." இது சரி. ஏனென்றால் இதை நான் எழுதவே இல்லை. மேற்குக் கடற்கரை அணி ஒன்று ப்ரிட்சட்டுக்குப் பதிலாகத் தருவதாகச் சொன்னதை எல்லாப் பத்திரிகையும் இப்படித்தான் போட்டது. அந்த மூன்றாமவன், ஆறு வருடம் கழித்துப் புதுமுகங்களில் இருந்து தேர்ந்தெடுக்கப்படப்போகிறவன், இன்று ஏதோ ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பெரிய மனிதருக்கு ஈடாகத் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கோபப்பட அவனுக்கும் உரிமை உண்டு.

3

க்ராவ்சிக் என் அறைத்தோழன். நிதியியல் படிக்கிறான். குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் ஒரே சண்டை.

"மச்சி, உணர்ச்சிவசப்படாத. ஆளு கீழ இறங்கிக்கிட்டே இருக்காரு. இப்ப மாத்துனாதான் ஏதாச்சும் தேறும்."

"மனுஷன்டா அவரு. பழைய ஃப்ரிட்ஜ் இல்ல."

"ஃப்ரிட்ஜா இருந்தா பதினாறு வருஷம் வெச்சிருப்பமா?"

முதல் வரைவில் இவனை முட்டாளாக எழுதினேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. உண்மை என்னவென்றால், அணி முப்பது ஆட்டம் தோற்றிருந்தது. ப்ரிட்சட் திரும்பி ஓடி வருவதற்குள் எதிரணிக்காரன் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். ஆக, இந்த வரைவில் க்ராவ்சிக் நியாயமாகவே பேசுகிறான். ரத்தம் கொதிப்பது எனக்குத்தான்.

4

எதற்காகக் கொதிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ப்ரிட்சட்டின் மகள் இமானிக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். பள்ளி அணியில் ஆடுகிறாள். அங்கே ஆட்டக் கடிகாரத்தை இயக்குவது என் பகுதிநேர வேலை. உள்ளூரில் ஆடும் கடைசி ஆட்டத்தன்று, விடைபெறும் பெண்கள் ஒவ்வொருவரும் அப்பா அம்மா கையைப் பிடித்து ஆடுகளத்தின் நடுவுக்கு நடந்து வருவார்கள். பெயரை அறிவிப்பார்கள், ஒரு பூங்கொத்து, ஒரு படம். நாற்பது விநாடி வேலை. இமானியின் நாள் பிப்ரவரி பத்தொன்பது. அன்று மில்லர்ஸுக்கு ஆட்டமில்லை. மேற்குக் கடற்கரை அணிக்கு உண்டு.

(ஓரக் குறிப்பு: வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நேரம் பிப்ரவரி ஐந்து, வியாழன், பிற்பகல் மூன்று மணி. மாற்றப்படுகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.)

போன வாரம் இமானி என் மேசைக்கு வந்தாள்.

"அன்னைக்கு எங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் குடுப்பீங்களா? எங்கப்பா மெதுவாத்தான் நடப்பாரு."

"உங்கப்பாவுக்காக அரைமணி நேரம்கூடத் தரேன்."

"அய்யோ, அவ்ளோ வேணாம். அப்புறம் அவரைச் சுத்தி நின்னுக்குவாங்க. அது என்னோட நாளு."

நாலு வருடத்தில் அவர் பார்த்தது அவளுடைய இரண்டு ஆட்டம். இரண்டிலும் கூட்டம் அவரைத்தான் பார்த்தது.

5

புதன்கிழமை, கடைசி நேரத்துக்கு முந்தின நாள், மில்லர்ஸ் அரங்கம். இந்த ஒரு வாரம் எங்கள் ஊரில் யாரும் பந்தைப் பார்ப்பதில்லை, வீரர்கள் உட்காரும் பெஞ்சைத்தான் பார்ப்போம். ஆட்டத்தின் நடுவில் ஒருவரை வெளியே கூப்பிட்டு, சக வீரர்கள் கட்டிப்பிடித்தால், ஆளை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது கால்பகுதியில் ப்ரிட்சட்டைக் கூப்பிட்டார்கள். அவர் போய் ஓர் இளம் வீரரை இறுகக் கட்டிக்கொண்டார்.

பதினேழாயிரம் பேர் எழுந்தோம். தட்டினோம், அவர் பெயரைக் கத்தினோம். முன்வரிசைப் பெண்மணி மிளகாய்க் காரம் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதார். க்ராவ்சிக் என் தோளில் விழுந்தான்.

"போறாருடா மச்சி... பதினாறு வருஷம்டா..."

"நீதானடா மாத்தச் சொன்ன?"

"அது வேற, இது வேற!"

ப்ரிட்சட் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். விஷயம் இதுதான்: அந்த இளைஞருக்குக் குழந்தை பிறந்த செய்தி அப்போதுதான் வந்திருந்தது.

கடைசிப் பகுதியில் ப்ரிட்சட் திரும்ப ஆட வந்தார். அரங்கம் அடங்கிவிட்டது. வாசல்வரை போய் வழியனுப்பிய விருந்தாளி, விமானம் ரத்து என்று திரும்பி வந்தால் எப்படிப் பார்ப்போம்? அப்படிப் பார்த்தோம். இரண்டு பந்தைத் தவறவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அதான் கிளம்பியாச்சே, கிளம்புங்க சார்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

(கடைசி இரண்டு சொல்லை நான்கு முறை அழித்தேன். அழித்தால் கதை பொய்யாகிவிடுகிறது.)

6

ஹாலரன், அணியின் பொது மேலாளர். யாரை மாற்றுவது என்று முடிவெடுப்பவர். இவரை வில்லனாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இதுவரை இவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது ஒரே ஒரு பயம்: ப்ரிட்சட்டை அனுப்பினால் ஊர் பற்றி எரியும். புதனன்று அரங்கின் மேலே உள்ள கண்ணாடி அறையிலிருந்து எங்களைப் பார்த்தார். (அங்கே நான் இல்லை. ஆனால் உதவியாளரிடம் அவர் வேறு என்ன பேசியிருக்க முடியும்?)

"எவ்ளோ நேரம் தட்டுனாங்க?"

"நாலு நிமிஷம் சார்."

"யாராச்சும் எதையாச்சும் தூக்கி எறிஞ்சாங்களா?"

"இல்ல சார். அழுதாங்க, அப்புறம் பாப்கார்ன் வாங்கப் போயிட்டாங்க."

"அப்ப சரி."

அந்த "அப்ப சரி"யை அவர் வாயில் வைத்தது பதினேழாயிரம் பேர். தட்டச்சு மட்டும் என்னுடையது.

7

முடிவுகள்.

மாற்றவில்லை. பத்தொன்பதாம் தேதி ப்ரிட்சட் மகளோடு மெதுவாக நடந்து வருகிறார். அணி இன்னும் இருபது ஆட்டம் தோற்கிறது. எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்ப மாட்டேன் என்கிறேன்.

மாற்றிவிடுகிறார்கள். இமானி அம்மாவின் கையை மட்டும் பிடித்து வருகிறாள். தோழி ஒருத்தி கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, அதில் மேற்கே எங்கோ உடைமாற்றும் அறையில் இருந்து அப்பா—

முடியாது. இதை நான் எழுத மாட்டேன்.

வியாழன், மணி இரண்டு ஐம்பத்திரண்டு. ஹாலரனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்காருங்கள். ஆமாம், உங்களைத்தான். க்ராவ்சிக் பேசும்போது "பாவம்தான், ஆனா பையன் சொல்றதும் சரிதானே" என்று மனதுக்குள் தலையாட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாராளமாக மாற்றுங்கள். விதிப்படி உங்களை யாரும் தடுக்க முடியாது.

ஆசிரியன் என்ற முறையில் ஒரே ஒரு விதி சேர்த்திருக்கிறேன். செய்தியைப் பத்திரிகைக்குச் சொல்லக் கூடாது, ப்ரிட்சட்டின் முகவருக்குச் சொல்லக் கூடாது, ப்ரிட்சட்டுக்கும் சொல்லக் கூடாது. காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். மூன்றரைக்குப் பயிற்சி. இமானி தரையில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை முடிந்துகொண்டிருப்பாள். அவளிடம் நேரில் சொல்லுங்கள்.

"நீங்க யாரு?" என்று கேட்பாள். அதற்குப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.