பச்சைச் சீட்டுக் கூண்டுகள்

ஆகஸ்ட் 11, காலை ஏழு மணி. ஆய்வகத்தின் விலங்குக் கூடத்தில், பச்சைச் சீட்டு ஒட்டிய கூண்டுகளில் இருந்த பன்னிரண்டு கினிப்பன்றிகளில் ஐந்து எழுந்து நிற்கவில்லை.

கூண்டு கழுவித் தீவனம் வைக்கிறவள், எல்லோரும் கூண்டக்கா என்று அழைப்பவள், ஒன்றைக் கையில் எடுத்தாள். அதன் முழங்கால் வீங்கியிருந்தது, விரல் பட்டதும் அது கீச்சிட்டது. சிவப்புச் சீட்டு என்றால் அதிசயமில்லை. அவற்றின் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. மனிதரைப் போலவே இந்தப் பிராணிக்கும் அதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது. அது இல்லாவிட்டால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடுமா என்பதுதான் ஆய்வகத்தை நடத்தும் டாக்டரின் ஆராய்ச்சி. பச்சைச் சீட்டுக்கு முழுத் தீவனம். அவை துள்ளித் திரிய வேண்டும்.

அவள் தீவன மூட்டையைப் புரட்டிப் பார்த்தாள். ஜனவரி மாதத் தேதி.

ஒன்பது வருடமாக அவள் ஒப்பந்தக் கூலி. அடுத்த மாதம் நிரந்தரமாகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. சக வேலைக்காரரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் முதலில் தீவனம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரரிடமே போய்ச் சொன்னாள். "நான் பார்த்துக்கறேன்," என்றார் அவர்.

பத்து மணிக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு இறங்கி வந்தார்.

"பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரி இருக்கு. கிருமி பக்கத்துலயே இருந்தும் வெள்ளை அணு நகரல, முழுங்கல. கூண்ட மாத்தி வெச்சியா?"

"இல்ல சார். தீவனம் பழசு. மூணு மாசம் போனா அதுல இருக்கற வைட்டமின் செத்துடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அடேங்கப்பா, அக்கா டாக்டருக்குப் படிச்சிட்டாங்க!" என்றார் ஸ்டோர்காரர். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

ரத்தம் எடுக்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மூட்டைய எடுத்துட்டு வாங்கண்ணே. தேதியப் பார்த்துடலாம்."

"எந்த மூட்டை? டிரம்ல கொட்டியாச்சு. சாக்க எரிச்சாச்சு."

"காலையில உங்ககிட்ட சொன்னப்ப இருந்துதே!"

"சொன்னியா? எப்போ?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"பழைய சரக்கு மலிவாக் கிடைக்குதுன்னு வாங்கச் சொல்லிக் கையெழுத்து போட்டது நீங்கதான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உனக்கு வாய் நீளம். கூண்டு கழுவறவ கூண்டு கழுவணும். வெளிய போ."

மதியம் அவளை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. பராமரிப்பாளர் கூண்டுகளை மாற்றி வைத்ததால் ஆய்வு கெட்டதாக அதில் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். சுவரோரம் இந்த மாதத் தேதியிட்ட எட்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. பழைய டிரம்மைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். டாக்டர் சொன்னபடி ஒருவர் பச்சைச் சீட்டுப் பிராணிகளின் வாயில் வைட்டமின் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

"தேறுதா?" என்று கேட்டாள்.

"நேத்துல இருந்து நடக்குதுங்க," என்றார் அவர், தலை நிமிராமல்.

பன்னிரண்டில் பதினொன்று பிழைத்தன. அவள் இடத்துக்கு வேறொருத்தியை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.