இரண்டு ஜன்னலுக்கு நடுவில்

அரண்மனையில் பாதிக்குத்தான் டிக்கெட். மீதிப் பாதியில் ராஜ குடும்பம் இன்னும் குடியிருக்கிறது. கயிறு கட்டிய வாசலுக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்தன.

"ராஜா வீட்டுலயும் துணி காய்ஞ்சாத்தான் மாமா போட முடியும்போல," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

கொத்தனார் ஒப்புக்குச் சிரித்துவைத்தார். போக வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மகள் விடவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். படித்தவர்கள் நிறைந்த புகுந்த வீட்டில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றுதான்: எங்கப்பா அரண்மனைக்கே சுவர் பூசினவரு.

கூடத்துக்குள் நுழைந்ததும் அப்பாவின் கையை விட்டுவிட்டு முந்திக்கொண்டாள்.

"என்னங்க, அந்த ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல இருக்கே, அதான். நான் பிறந்த வருஷம் பூசினது."

அந்தச் சுவரை உச்சியிலிருந்து தரைவரை ஒரு பச்சைத் திரை மூடியிருந்தது.

"மறைச்சு வச்சிருக்காங்களே. தங்கத்துல பூசிட்டீங்களா மாமா?"

கயிற்றை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். காவலாள் அடித்துப்பிடித்து எழுந்து நின்றதில்தான் வீட்டுக்காரம்மா என்று தெரிந்தது.

"ஏன் மூடியிருக்குன்னு பார்க்குறீங்களா?" என்று திரையை இழுத்தார். வெறும் செங்கல். அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "பூசின ஆறாம் வருஷமே வீங்கி, பாளம் பாளமா விழுந்துடுச்சு. கீழ என் மாமியார் உட்கார்ந்திருந்தாங்க. கால் போச்சு. கடைசிவரைக்கும் எழுந்து நடக்கல. சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்டைக் கலந்து பூசியிருக்கான். எந்தப் பாவியோ."

பாவி அவருக்கு எதிரிலேயே நின்றிருந்தார்.

சுண்ணாம்புச் சாந்தை ஊறவைத்து, அரைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று நாற்பது நாள் வேலை அது. எதிர்ச்சுவரில் நத்தை என்று பேரெடுத்தவன் அப்படித்தான் பூசிக்கொண்டிருந்தான். "டேய் நத்தை, நீ முடிக்கிறதுக்குள்ள நேத்து பிறந்த என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்டா," என்று இவர் சாரத்திலிருந்து கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சிமெண்டைக் கலந்து தன் சுவரை நாலே நாளில் முடித்தார். மேஸ்திரி தோளில் தட்டிக்கொடுத்தார்.

"மாமா, இதுவா நீங்க பூசினது?" மாப்பிள்ளையின் குரலில் பாதிச் சிரிப்பு.

கொத்தனாரின் கை தானாக எழுந்து எதிர்ப்பக்கம் நீண்டது.

"இல்ல மாப்பிள்ளை. அது."

அந்தச் சுவரில் ஜன்னலே இல்லை.

வீட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா! ஐயா, முதல்ல உட்காருங்க. இன்னைக்கும் ஒரு கீறல் இல்ல. உங்களை எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா?" யாரையும் உட்காரவிடாத நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து டீ வந்தது. "இந்தச் சுவரையும் நீங்களே பூசித் தரக்கூடாதா?"

"கை நடுங்குதும்மா. இப்ப வேலைக்குப் போறதில்ல."

அந்த நிமிஷம் கை நிஜமாகவே நடுங்கியது. தட்டில் டீ சிந்தியது. நத்தைக்குச் சேர வேண்டிய டீ.

"மாமா, உங்க சுவர்கிட்ட நில்லுங்க. ஒரு படம் எடுத்துடுவோம்."

நின்றார். பழக்கதோஷத்தில் விரல்முட்டியால் சுவரைத் தட்டினார். பாறையைத் தட்டினதுபோல் இருந்தது. மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள். அவள் கண் ஜன்னலில்லாத சுவரைப் பார்த்தது, திரும்பி இரண்டு ஜன்னலுக்கு நடுவே போனது, பிறகு அப்பாவின் முகத்தில் வந்து நின்றது. குழந்தையிலிருந்து எத்தனை தடவை கேட்ட கதை! படம் எடுத்தாள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "அந்தப் படத்தை எங்கம்மாவுக்கு அனுப்பு. மாமா யாருன்னு பார்க்கட்டும்," என்றார்.

"சரியா வரலைங்க. அழிச்சுட்டேன்."

"அப்ப திரும்பப் போய் எடுத்துட்டு வந்துடலாமா?"

"வேண்டாம்," என்றார்கள் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில்.

மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வரும்போது அப்பாவின் கையைப் பிடித்துப் படியேறியவள், இறங்கும்போது புருஷனுக்கு அந்தப் பக்கமாகப் போய் நடந்தாள்.